அத்தான் பூட்டிய பெட்டி

என் அக்காவின் கணவர் முப்பத்துநான்கு வருஷம் ஒரு பெரிய அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். கேட்டதைக் கொடுக்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவர் என்று சுருக்கமாகச் சொல்லலாம். புது பல்பு வேண்டுமென்றால் எரிந்துபோன பல்பைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். புது விளக்குமாற்றுக்குப் பழையதன் கட்டையைக் காட்ட வேண்டும். ஒருமுறை பேனா ரீஃபில் கேட்டு வந்த குமாஸ்தாவிடம் பழைய ரீஃபிலை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இன்னும் அரை அங்குலம் இருக்கே, முடிச்சிட்டு வா" என்று திருப்பி அனுப்பினாராம். ஓய்வுபெற்று நான்கு வருஷம் ஆன பிறகும் அதை ஏதோ போரில் ஜெயித்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். சோப்பு தேய்ந்து நகம் அளவுக்கு ஆனதை அக்கா கொண்டுவந்து காட்டினால்தான் அலமாரி திறக்கும். அலமாரிச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். என் அக்கா பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரே நேரத்தில் நாற்பது மடிப்புத் துணியை மெஷினால் நூல் பிசகாமல் வெட்டுகிறவள். அவளுக்குக் கீழே பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்ததும் சோப்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். எனக்கு அத்தானைப் பார்த்தால் எரிச்சல் வரும். அக்காவைப் பார்த்தால் அதைவிட அதிகமாக வரும்.

எனக்குக் கூரியர் ஆபீசில் பார்சல் கவுண்டர் வேலை. பதினெட்டு வருஷமாகத் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணம் என்று ஒன்று நடந்து சீக்கிரமே முடிந்துபோனது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் அக்கா வீடுதான்.

அக்காவின் ஒரே பொண்ணு வெளிநாட்டில் இருக்கிறாள். இரண்டு விமானம் மாறிப் போக வேண்டும். முதல் பிரசவம், எட்டாம் மாதம். அம்மாவும் அப்பாவும் வந்து ஆறு மாதம் இருக்கட்டும் என்று மாப்பிள்ளை டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார். டிக்கெட் வந்த அன்றே அத்தான் ஒரு புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் "பயணத் திட்டம்" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டார். கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கிற ஒரு ஸ்பிரிங் தராசும் வாங்கி வந்தார். கிளம்ப இன்னும் நாற்பது நாள் இருந்தது.

"ஆளுக்கு இருபத்திமூணு கிலோ. ஒரு கிராம் கூடக் கூடாது. எடை போடறதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று என்னிடமே கேட்டார்.

ஒரு நாளைக்கு இருநூறு பார்சல் எடை போடுகிறவளிடம் கேட்கிற கேள்வி. "சொல்லுங்க அத்தான், தெரிஞ்சுக்கறேன்" என்றேன். கால் மணி நேரம் சொன்னார்.

அதன்பிறகு அந்த வீட்டு ஹாலில் நடக்க இடம் இல்லை. இரண்டு பெரிய பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. அக்கா ஒன்றை உள்ளே வைப்பாள், அத்தான் அதை வெளியே எடுப்பார். எடுத்து, நோட்டில் எழுதி, பக்கத்தில் தள்ளுபடி என்று குறிப்பார். அவருடைய வாதம் ஒன்றே ஒன்று: அங்கே எல்லாம் கிடைக்கும். அக்காவின் இரண்டாவது ஸ்வெட்டர் அங்கே கிடைக்கும். அக்காவின் முட்டிவலித் தைலம் அங்கே கிடைக்கும். அக்காவின் வாசிப்புக் கண்ணாடிக்கு உபரியாக இன்னொன்று எதற்கு, உடைந்தால் அங்கே கிடைக்கும். ஆனால் அவருடைய இரண்டு கோட்டு, மூன்று ஜோடி ஷூ, நீளக் குடை, ஷேவிங் செட், பூதக்கண்ணாடி, முகம் பார்க்கிற வட்டக் கண்ணாடி, ஓய்வுபெற்ற அன்று கொடுத்த கடிகாரம், இதெல்லாம் அந்த நாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்காது போலிருந்தது. கடிகாரம் சுவரில் மாட்டுகிற கடிகாரம்.

பொண்ணு கேட்டது மிகக் கொஞ்சம். போனில் அக்காவிடம் அவள் சொல்லும்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, வேற எதுவும் தூக்கிட்டு வராத. இடுப்பச் சுத்தி வச்சுப் படுக்கற அரைவட்டத் தலகாணி ஒண்ணு தைச்சுக் கொண்டு வா. இங்க ரெண்டு வாங்கிட்டேன், ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. முதுகு விட்டுப் போகுதும்மா. அப்புறம் குழந்தைக்குப் பழைய பெட்ஷீட்ல துண்டு வெட்டிக் கொண்டு வா. புதுத் துணியப் போட மனசு வரல."

இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளவும் சொன்னாள். அக்கா அதைக் கையில் எழுதிக்கொண்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை அதற்குச் செலவானது. பஞ்சைத் தானே கையால் பிரித்து, கட்டி தட்டாமல் அடைத்தாள். பாதியில் அளவு சரியா என்று என் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். மாற்றிப் போட இரண்டு உறை தைத்தாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த பெட்ஷீட்களை நாற்பது சதுரமாக வெட்டி, ஓரம் உறுத்தாதபடி மடித்துத் தைத்தாள். கைவேலை என்றால் அவள் கைவேலைதான். தலையணையைக் கையில் வாங்கியபோது எனக்கே அதைப் பிடித்துக்கொண்டு தூங்க வேண்டும் போலிருந்தது.

அத்தான் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது எத்தனை கிலோ?"

"ஒண்ணேகால் இருக்குங்க."

"எடையப் பத்தி யார் கேட்டா? இடம். எவ்வளவு இடத்த அடைக்குது பாரு."

"நீங்கதான எத்தனை கிலோன்னு கேட்டீங்க."

"பேச்சுக்குப் பேச்சு பேசாத. தலகாணி இல்லாத ஊரா அது?"

"நம்ம பொண்ணு கேட்டாளுங்க."

அக்கா இதற்கு மேல் வாதாடவில்லை. ஆனால் தலையணையைப் பெட்டிக்குள் வைத்து, நான்கு பக்கமும் துணிகளைச் செருகி, மேலே கையை வைத்துக்கொண்டு நின்றாள். அத்தான் நோட்டில் எதையோ எழுதிவிட்டுக் குளிக்கப் போனார். அவள் ஜெயித்துவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

இங்கே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அத்தான் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற மறு வருஷம் தன் செலவிலேயே அச்சடித்தார். பெயர், "நான் சொல்லாமல் யார் சொல்வது". பின்னட்டையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தூரத்தில் எதையோ பார்க்கிற அவர் படம். உள்ளே செருப்பை எப்படிக் கழற்றி விடுவது, விருந்தினர் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், மனைவி கோபமாக இருந்தால் கணவன் எப்படிப் பெருந்தன்மையாக மன்னிப்பது என்று இருபத்தாறு அத்தியாயம். ஐந்நூறு பிரதி போட்டதில் சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டாகத் திணித்தது போக மிச்சமெல்லாம் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. அந்தக் கட்டிலில் படுத்தால் மெத்தைக்குக் கீழே அறிவு குத்துகிறது என்று மாப்பிள்ளை ஒருமுறை என்னிடம் மட்டும் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவர்கள் இல்லாதபோது வீட்டைப் பார்த்துக்கொள்ள எனக்கு ஒரு சாவி தருவதாகப் பேச்சு. இரண்டு பெட்டியும் பூட்டி வாசலுக்குப் பக்கத்தில் நின்றன. அக்கா கம்பெனியில் வேலையை ஒப்படைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"அவரே எல்லாத்தையும் அடுக்கிப் பூட்டிட்டாராம்" என்றாள். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "மத்தியானம் பூரா இதே வேலையாம். எடையும் சரியா இருக்குன்னு சொல்றார்."

"தலகாணி?"

"கேட்டேன். எல்லாம் வைக்க வேண்டிய இடத்துல வச்சாச்சுன்னு சொன்னார்."

வழியை அடைத்துக்கொண்டிருந்த பெட்டியை நகர்த்தலாம் என்று நான் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். தூக்கிய கையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

துணி அடைத்த பார்சலைத் தூக்கினால் உள்ளே இருப்பது கொஞ்சம் தாமதித்து ஒரு பக்கமாகச் சாயும். பாத்திரம் என்றால் முனகும். புத்தகம் மட்டும்தான் அசையாது. கல்லு மாதிரி ஒரே கட்டியாக மேலே வரும், தோள்பட்டையைக் கீழே இழுக்கும். அந்தப் பெட்டி இருபத்தெட்டு கிலோவுக்குக் குறையாது. உள்ளே பஞ்சுத் தலையணை இருக்க வழியே இல்லை. இன்னொன்றையும் தூக்கிப் பார்த்தேன். அதுவும் அப்படியே.

அத்தான் சோபாவில் உட்கார்ந்து பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வரிசையாகச் செருகிக்கொண்டிருந்தார்.

"கனமா இருக்கே அத்தான்" என்றேன்.

"உன் கைக்குக் கனமா இருக்கும். தராசுக்குச் சரியா இருக்கு. கை சொல்றத நம்பக் கூடாதுன்னுதான் மனுஷன் தராசு கண்டுபிடிச்சான்."

ஆபீசில் அந்த மாதிரித் தராசை நாங்கள் விளையாட்டுச் சாமான் என்று சொல்வோம். எவ்வளவு கனம் மாட்டினாலும் அதன் ஸ்பிரிங் இருபத்திரண்டு, இருபத்திமூன்று கிலோ வரைக்கும் இழுத்துவிட்டு நின்றுவிடும்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்காவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, பெட்டியைத் திறக்கச் சொல்லு என்றிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்கு விமான நிலையத்தில், நிஜமான தராசில், ஊரே பார்க்க இந்த ஆள் மாட்ட வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இனிப்பாக இருந்தது. காபி குடித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்கு லீவு போட்டுவிட்டேன், கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கெல்லாம் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று நாற்பதுக்கு விமானம். அப்போதே கவுண்டர் திறந்து கூட்டம் நின்றது. அத்தான் கோட்டு போட்டிருந்தார். வியர்வை காதோரம் வழிந்தது. பார்வையாளர் டிக்கெட் வாங்கினால் கவுண்டர் வரைக்கும் போகலாம் என்பதால் நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே போனேன்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். முதல் பெட்டியை ஏற்றச் சொன்னாள். எண் 29.6 என்று நின்றது. இரண்டாவது, 31.2.

"சார், ரெண்டுமே அதிகமா இருக்கு. கொஞ்சம் குறைக்கணும். இல்லன்னா கூடுதல் எடைக்குக் கட்டணும்."

"உங்க மெஷின் தப்பு. எங்க வீட்டுத் தராசுல இருபத்திமூணு, இருபத்திமூணு. கணக்கா."

"காலைலதான் சார் செக் பண்ணினாங்க."

"நான் முப்பத்துநாலு வருஷம் ஸ்டோர்ஸ் பாத்தவன்மா."

அந்தப் பெண் சிரித்து, பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் கையால் காட்டினாள். "அங்க வச்சு எடுத்துட்டு வாங்க சார். ரெண்டு நாற்பது வரைக்கும் கவுண்டர் இருக்கும்."

வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது. அத்தான் பூட்டைத் திறக்க மனமில்லாமல் நின்றார். அக்காதான் சாவியை அவர் கையிலிருந்து வாங்கித் திறந்தாள்.

மேலே ஒரு கோட்டு. கோட்டுக்குக் கீழே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அத்தான். அவருக்குக் கீழே இன்னொரு அத்தான். வரிசைக்கு எட்டு, ஐந்து வரிசை. இன்னொரு பெட்டியிலும் அதே முகம், அதே கன்னம். நடுநடுவே சந்தில் அக்காவின் துணிகள் நான்கைந்து, சுருட்டித் திணித்துக் கிடந்தன. புத்தகத்துக்கு அடிபடாமல் இருக்க அவற்றை மெத்தையாக வைத்திருந்தார்.

நான் எதிர்பார்த்த காட்சிதான் இது. ஆனால் அக்கா ஒவ்வொரு வரிசையாகத் தூக்கித் தூக்கிக் கீழே தேடியபோது எனக்கு அது ருசிக்கவில்லை.

"தலகாணி எங்க?"

"அது பத்திரமா இருக்கு."

"எங்கங்க?"

"கட்டிலுக்கு அடியில. புத்தகம் இருந்த எடத்துல."

"துண்டு?"

"அதுவும்தான். ஏன் இப்படி நடு எடத்துல வச்சு விசாரிக்கற? தலகாணின்னா போற அன்னைக்கே ஆன்லைன்ல சொன்னா மறுநாள் கொண்டுவந்து கதவத் தட்டுவான். இந்தப் புத்தகத்தக் கொண்டுவந்து தட்டுவானா? வர சனிக்கிழம அங்க முதியோர் சங்கத்துல வெளியீடு. நான் கடிதம் போட்டேன், மகிழ்ச்சி, வாருங்கள்னு பதில் எழுதியிருக்காங்க. எண்பது பிரதியாவது இல்லாம எப்படி?"

நிறைமாதக் கர்ப்பத்தோடு இருக்கிற பொண்ணு வீட்டில் போய் இறங்கி மூன்றாம் நாள் வெளியீட்டு விழா. மகளுக்கோ மாப்பிள்ளைக்கோ இந்த விஷயமே தெரியாது.

அக்கா கத்தவில்லை. என் பக்கம் திரும்பினாள். "டாக்ஸில போனா வீட்டுக்கு எவ்வளவு நேரம்டி ஆகும்?"

"முப்பத்தஞ்சு நிமிஷம்."

"சாவி வச்சிருக்கியா?"

"இருக்கு."

"போய் ரெண்டையும் எடுத்துட்டு வா. நான் பெட்டியச் சரி பண்ணி வைக்கறேன்."

ஓடினேன். போகிற வழியில் ஒரு சிக்னல் என்னைப் பழிவாங்குகிற மாதிரி சிவப்பிலேயே நின்றது. வீட்டைத் திறந்து கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். மிச்சம் இருந்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தலையணையை நெட்டுக்குத்தாகச் செருகியிருந்தார். ஒரு முனை மடங்கித் தூசி படிந்திருந்தது. துண்டு மூட்டை அதற்குப் பின்னால். தலையணையில் ஊக்கு குத்தி ஒரு சீட்டு தொங்கியது. ஸ்டோர்ஸில் சாமான்களுக்குக் கட்டுகிற மாதிரியே அழகான கையெழுத்து: "தேவைப்படாதவை. உருப்படி 2." கீழே தேதி, அதற்குக் கீழே கையொப்பம். வீட்டில் வேறு யார் அதைப் படிக்கப் போகிறார்கள் என்று கையொப்பம் போட்டாரோ தெரியவில்லை.

தூசியைத் தட்டினேன். சீட்டைக் கழற்றலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கழற்றவில்லை.

நான் திரும்பி வந்தபோது மணி இரண்டு ஐந்து. அரைவட்டத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தப் பளபளப்பான ஹாலில் ஓடியதைப் பார்த்து ஒரு குழந்தை கை தட்டியது. கவுண்டருக்குப் பக்கத்தில் அத்தான் புத்தக அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றவே இல்லை. அக்கா தன் பெட்டியைக் காலிசெய்து, தன் துணிகளை நீவி மடித்து, பாதிப் பெட்டியைத் தலையணைக்கு இடம் விட்டு வைத்திருந்தாள்.

தலையணையை வாங்கியவள் சீட்டைப் பார்த்தாள். படித்தாள். முதல் தடவை வேகமாக, இரண்டாம் தடவை மெதுவாக. பிறகு ஊக்கைக் கழற்றி, சீட்டை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தலையணையை வைத்து, துண்டுகளை வைத்து, பெட்டியை மூடினாள்.

"உங்களோடத எடுத்து வைங்க. நேரம் ஆகுது" என்றாள் அத்தானிடம்.

"ஒரு பெட்டி உன் இஷ்டத்துக்கு விட்டுட்டேன். இது என்னோடது. நாப்பது புத்தகமாவது வரணும்."

"எடை நிக்காதுங்க."

"அப்ப கட்டணத்தக் கட்டு."

"நீங்க கட்டுங்க."

"நான் எழுதின புத்தகத்துக்கு நானே அபராதம் கட்டணுமா?" அவர் குரல் உயர்ந்தது. "புத்தகம் இல்லாம நான் வர மாட்டேன். சொல்லிட்டேன். சங்கத்துல என் பேரு என்ன ஆகும்? என்னை விட்டுட்டு நீ எப்படிப் போவ? ரெண்டு விமானம் மாறணும். வாயத் தொறந்து உன் பேரச் சொல்லத் தெரியுமா உனக்கு அந்த ஊர்ல?"

முப்பத்தொரு வருஷமாக இந்த இடத்தில் அக்கா கெஞ்சுவாள். என்னங்க, கோபப்படாதீங்க, எனக்காக வாங்க என்பாள். அவரும் ஒரு கால் மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பெரிய மனசு பண்ணி எழுந்து வருவார். புத்தகத்தில் பதினேழாம் அத்தியாயம் அது. அதற்குத் தயாராகத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சரிங்க" என்றாள் அக்கா. "என் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் குடுங்க."

அவருக்குப் புரியவில்லை. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டார். அக்கா கையை நீட்டியபடியே நின்றாள். மிரட்டவும் இல்லை, அழவும் இல்லை. கடைசியில் அவரே ஃபைலிலிருந்து உருவிக் கொடுத்தார். கொடுக்கும்போது அதில் என்னென்ன இருக்கிறது என்று வாய்க்குள் எண்ணிச் சரிபார்த்ததைக் கவனித்தேன். பழக்கம் விடவில்லை.

அக்காவின் பெட்டி பதினோரு கிலோ. கவுண்டர் பெண் சீட்டு ஒட்டிவிட்டு, "சார் வரலையா மேடம்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, அவருக்கு வேலை இருக்கு."

பாதுகாப்புச் சோதனை வாசல் வரைக்கும் நான் கூடப் போனேன். அத்தான் புத்தகத்தைக் காவல் காத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கிறாள் என்று கை ஆட்டினேன். எனக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறாள். மணி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எண்பது புத்தகத்தையும் நானும் அத்தானும் இரண்டு தள்ளுவண்டியில் ஏற்றி வெளியே கொண்டுவந்தோம். டாக்ஸியில் அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"பத்து நிமிஷத்துல போன் வரும் பாரு. உள்ள போய் உக்காந்தா பயம் வந்துரும் அவளுக்கு."

மூன்று நாற்பது ஆனது. நான்கு ஆனது. மறுநாள் மத்தியானம்தான் போன் வந்தது, அதுவும் என் நம்பருக்கு. போய்ச் சேர்ந்துவிட்டாளாம். இரண்டாவது விமானத்துக்கு மாறும் இடத்தில் ஒரு ஆள் அவளிடம் வழி கேட்டானாம், இவள் சரியாகச் சொல்லி அனுப்பினாளாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை வெளியீட்டு விழா ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளை சங்கத்துக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டபோது, எந்தப் புத்தகம், யார் என்று அவர்கள் கேட்டார்களாம். பன்னிரண்டாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. பொண்ணு ஆஸ்பத்திரிக்கே அந்தத் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனாள், அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி தனக்கும் ஒன்று வேண்டும் என்று அளவு கொடுத்தாள் என்றெல்லாம் எனக்குச் செய்தி வந்தது. நான் அதை அத்தானிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தெருவில் கேட்கிறவர்களிடம், எழுத்து வேலை நெருக்கியதால் பயணத்தைத் தள்ளிப்போட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாதம் என் கவுண்டருக்கே ஒரு பார்சலோடு வந்தார். இருபது புத்தகம், மகள் விலாசம். தராசில் வைத்தேன். அவர் எட்டி எட்டிப் பார்த்தார்.

"சரியா காட்டுதா?"

"காலைலதான் அத்தான் செக் பண்ணினாங்க" என்றேன். என் கூட வேலை செய்கிறவள் ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டாள்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் குழந்தை தூங்குகிற நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். எதையெதையோ பேசிவிட்டு, "ஒண்ணு கேக்கணும்டி. முந்தின நாள் வந்தியே, பெட்டியத் தூக்கி நகத்தினியே. உனக்குத் தெரிஞ்சதா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சது" என்றேன்.

"என்ன தெரிஞ்சது?"

"உள்ள புத்தகம்னு. தலகாணி இல்லன்னு."

"ஏன் சொல்லல?"

"அவர் மாட்டணும்னு இருந்தது. எல்லாருக்கும் முன்னால."

குழந்தையின் மூச்சு போனில் கேட்டது.

"நீ ஓடிப் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள கவுண்டர மூடியிருந்தா?"

"மூடலையே அக்கா."

"மூடியிருந்தா பொண்ணுக்குத் தலகாணி இல்ல, எனக்கு விமானம் இல்ல. நீ வீட்டுக்குப் போய் அவர நெனச்சு நெனச்சு சிரிச்சிருப்ப. அந்தச் சீட்ட வேற கழட்டாமக் கொண்டுவந்த. நான் படிக்கணும்னுதான?"

"ஆமா."

"அன்னைக்கு ஒருத்தரத்தான் விட்டுட்டு வந்தேன்னு நெனச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. துணியில் கறை இருப்பதைக் கண்டு வெட்டாமல் ஒதுக்கி வைப்பாளே, அந்தக் குரலில் சொன்னாள். பிறகு, குழந்தை எழுந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

ஆறு மாதம் எட்டு மாதம் ஆகி, அக்கா திரும்பி வந்தாள். கம்பெனிக்குப் போகிறாள், நாற்பது மடிப்பு வெட்டுகிறாள். வந்த முதல் வாரமே அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அத்தான் எதற்கு என்று கேட்டதற்கு, "சோப்பு எடுக்க" என்றாளாம். அவர் இரண்டாவது புத்தகம் எழுத ஆரம்பித்திருக்கிறார். அவள் அதைப் பற்றிக் கேட்பதில்லை, அவர் படித்துக் காட்டினால் எழுந்து போவதும் இல்லை. காய் நறுக்கிக்கொண்டே முழுக்கக் கேட்டுவிட்டு, நல்லா இருக்குங்க என்கிறாள். அவருக்கு அது போதுமாக இருக்கிறது.

நான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். வாடி என்கிறாள், காபி கொடுக்கிறாள், ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள், நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள். அத்தானுக்கு எப்படியோ அப்படியே எனக்கும். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.